சொர்ணத்தாய் படுத்துத் தூங்கிய ராத்திரி

ஆனியில் பிடித்த மழை ஆடி கழியப் போகும்போதும் விடாமல் பெய்துகொண்டிருந்த வருஷத்தில், கருங்காட்டுத் தேயிலை எஸ்டேட்டின் கீழ் லைன் வீடுகளில், கொம்பையா பெண்டாட்டி சொர்ணத்தாயின் நெஞ்செரிச்சல் நிஜமாகவே நெருப்பாகிவிட்டது.

மலைமேல் மழை என்றால் என்ன என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உடுத்திய துணி உடம்பிலேயே நனைந்து உடம்பிலேயே புளித்துப்போகும், உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, தண்ணீர்தான் இருக்கும், தீப்பெட்டியை நெஞ்சுக்குள் சட்டைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துப் பைகளில் பச்சையாகப் பூஞ்சை படரும். அதிலும் அந்த வருஷம் எஸ்டேட் கைமாறி, வாங்கியவனும் விற்றவனும் கோர்ட்டில் நின்றார்கள். கொழுந்து பறிப்பு மட்டும் நடந்தது, வீட்டுக்கு வீடு எஸ்டேட் போட்டுவந்த விறகு நின்றுபோனது. சில்வர் ஓக் மரம் ஒன்று முறிந்து கரண்டு கம்பிமேல் விழுந்ததைத் தூக்க ஒருவரும் வரவில்லை. காட்டுக்குள் சுள்ளி பொறுக்கப் போனால் ஃபாரஸ்ட்காரர்கள் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள், கேஸ் சிலிண்டர் வண்டி ஏறும் ரோடோ கொண்டையூசி வளைவில் சரிந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. இருந்த கொஞ்ச விறகில் சோறு பொங்கலாம், குளிர் காய முடியாது. கீழ் லைன் மொத்தமும் ஒரு நனைந்த கோணிப்பை போலக் கிடந்தது.

சொர்ணத்தாய்க்கு நெஞ்செரிச்சல் புதிது இல்லை. பாவாடை கட்டிய வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறவள் அவள். விடிவதற்கு முன் வெறும் வயிற்றில் கடுஞ்சாயா, மத்தியானம் மழையில் நின்றுகொண்டே மோர்மிளகாயோடு பழைய சோறு, ராத்திரி வீடு திரும்பி அடுப்பு மூட்டி, வெந்தது பாதி வேகாதது பாதி என்று தின்றுவிட்டு, நிமிர முடியாத முதுகை அப்படியே பாயில் சாய்ப்பது என்று வாழ்ந்த உடம்பு. தலை சாய்ந்ததும் வயிற்றிலிருப்பது புளித்து மேலே ஏறும், தொண்டைக்குழியில் வந்து நிற்கும், நெஞ்செலும்புக்குப் பின்னால் காய்ச்சிய கம்பியை நிறுத்தியதுபோல் எரியும். ஒண்டுக்குடித்தனத்தில் சேர்ந்து வாழும் சண்டைக்காரியோடு பழகுகிற மாதிரி அவள் அதோடு பழகியிருந்தாள். வலப்பக்கம் திரும்பினால் அது ஏறும், இடப்பக்கம் திரும்பினால் கொஞ்சம் இறங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தால் பாதி ராத்திரியாவது தூங்கலாம். ஓமத்தண்ணீர் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. ஆறின பாலில் ஒரு மடக்கு நல்லது, ஆனால் பாலுக்கு எங்கே போக?

அன்று ராத்திரி பக்கத்து வீடொன்றில் காதுகுத்து. கருவாட்டுக் குழம்பு. ஆசையாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவளுக்கு, படுத்த கொஞ்ச நேரத்திலேயே ஏறிவிட்டது. எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஈரத்துண்டை மடித்து நெஞ்சில் போட்டாள். துண்டு உஸ்ஸென்று சத்தம் போட்டது. அதிலிருந்து ஆவி கிளம்பியது.

கொம்பையா கண்ணை விழித்தார். "என்ன சத்தம்?"

"நெஞ்செரியுது."

அவர் எழுந்து பார்த்தார். டார்ச் லைட்டை விரலால் பொத்தினால் விரலோரம் சிவக்குமே, அதுபோல் அவள் ஜாக்கெட்டுக்கு அடியில், நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில், ஒரு சிவப்பு வெளிச்சம் இருந்தது. அவள் மூச்சு இழுத்தால் கூடியது, விட்டால் குறைந்தது. துணி கருகவில்லை, தோல் பொசுங்கவில்லை. ஆனால் கையை நீட்டினால் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிற சூடு. கொம்பையா கொடியில் கிடந்த தன் ஈர ஸ்வெட்டரை எடுத்துவந்து, அவள் முன்னால் குந்தி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். அவர் முதலில் செய்தது அதுதான். ஸ்வெட்டர் விடிவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது.

மறுநாள் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் வந்தாள். சூசையின் பெண்டாட்டி, சின்னப்பெண், வயிற்றில் பிள்ளை. லைன் வீடுகளுக்கு இடையில் ஒரு செங்கல் கனத்துக்குச் சுவர், அவ்வளவுதான். "ராத்திரி எங்க வீட்டுச் சுவரு வெதுவெதுன்னு இருந்துச்சுக்கா, அதுல முதுகைக் குடுத்துத்தான் தூங்கினேன்" என்று சொல்லி, தயங்கித் தயங்கி, "இந்த ஒரு பாவாடையை மட்டும் காயப்போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். சொர்ணத்தாய் சரியென்றாள். அன்று மாலை இரண்டு பேர் வந்தார்கள். மறுநாள் வீடு நிறைந்துவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்று ஒருநாள், ஒருநாள் மட்டும், லைனில் பேசினார்கள். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றது ஒரு கூட்டம், ஜெபம் பண்ணினால் தெரியும் என்றது இன்னொரு கூட்டம். டிஸ்பென்சரி கம்பவுண்டர் தேவசகாயம் வந்து நாடி பிடித்து, வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, கேஸ் என்றார். "கேஸா இருந்தா நல்லதுதானே, ரோடு சரிஞ்ச நாள்லருந்து யாரு வீட்டுலயும் கேஸ் இல்லையே" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த லைனில் எல்லோரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு அது. அந்தச் சிரிப்போடு காரணம் கேட்பது முடிந்துபோனது. அப்புறம் யாரும் கேட்கவில்லை.

வீட்டின் குறுக்கே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கயிறு கட்டினார்கள். கயிற்றில் பள்ளிக்கூடத்து நீலப் பாவாடைகளும் கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டும் சாக்குப் படுதாக்களும் கைக்குழந்தைகளின் துணிகளும் தொங்கின. மலைக்குளிரில் பொங்காத இட்லி மாவு சொர்ணத்தாயின் காலடியில் வைத்தால் பொங்கியது, உறையாத தயிர் உறைந்தது. ஃபேக்டரியில் தேயிலைத் தூசியை ஆயுசெல்லாம் இழுத்து நெஞ்சுக்கூடு விசிலடிக்கும் சுடலைமுத்துப் பெரியவரை அவர் பெண்டாட்டி பிரமாச்சி கையைப் பிடித்து அழைத்துவந்து எல்லோருக்கும் முன்னால் உட்காரவைப்பாள். அவர் சொர்ணத்தாயைப் பார்த்தபடி மூச்சு வாங்குவார், கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கும். ரேஷன் அரிசிக்கு வந்து கதவை முட்டும் யானைகள்கூட ஜன்னலில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைக் கண்டு மேல் லைன் பக்கம் திரும்பிப் போயின. மேல் லைன்காரர்கள் இதற்காகக் கீழ் லைனைத் திட்டினார்கள். பிறகு அவர்களும் ஈரத்துணியோடு இறங்கி வந்தார்கள்.

கொம்பையா அதுவரை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மனுஷர். கொழுந்து எடை போடும் இடத்தில் சாக்குப் பிடிப்பவர், அவ்வளவுதான். இப்போது அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். "அண்ணாச்சி, எங்க வீட்டுத் துணிக்கும் கொஞ்சம் இடம்", "அண்ணாச்சி, பிள்ளைக்கு இருமல், கொஞ்சம் முன்னால உக்காரட்டும்." அவர் வாசலில் நின்று ஆட்களை உள்ளே விட்டார், நெருக்காதே என்றார், நகர்ந்து உட்கார் என்றார். அவர் குரலே கனத்துப்போனது. மூடிக்கிடந்த ஆபீஸ் பங்களாவிலிருந்து ஒரு சாய்வு நாற்காலியைத் தூக்கிவந்து சொர்ணத்தாயை அதில் இருத்தினார்கள். படுத்தால் தொண்டைக்கு ஏறும், நேராக உட்கார்ந்தால் தூக்கம் வராது, அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்வு.

ஒருநாள் அவள் ஒன்றும் முடியாமல் கஞ்சி மட்டும் குடித்தாள். அன்று ராத்திரி வெளிச்சம் மங்கியது, துணி பாதிதான் காய்ந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து சாப்பாடு வர ஆரம்பித்தது. ஒருத்தி சுட்ட மிளகாய்த் துவையல் கொண்டுவந்தாள், ஒருத்தி புளிக்குழம்பு, ஒருத்தி நெத்திலிக் கருவாட்டை எண்ணெய் மிதக்க வறுத்துக் கொண்டுவந்தாள், எலுமிச்சை ஊறுகாய் வந்தது, தக்காளித் தொக்கு வந்தது, பெரிய தூக்குவாளியில் கடுஞ்சாயா வந்தது. "சாப்பிடுங்க மதினி, உங்களுக்குன்னே செஞ்சது" என்றார்கள். பொய்யில்லை, அவளுக்கென்றே செய்ததுதான். வயதுக்கு வந்த நாளிலிருந்து அடுத்தவர்களுக்கு ஆக்கிப்போட்டே வந்தவளுக்கு, தனக்கென்று ஒருத்தி சட்டியைத் துணியில் சுற்றி மழையில் எடுத்துவரும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தின்றாள். தின்றதும் எரிந்தது. எரிந்ததும் எல்லோர் முகமும் சிவந்து, கண் சொருகி, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்கிப்போனார்கள். அவர்கள் நடுவில் அவள் ஒருத்தி மட்டும் கண்ணை விழித்துக்கொண்டு, ஏறி ஏறி வரும் புளிப்பை விழுங்கி விழுங்கி, விடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு வெளியே எல்லோருக்கும் போயிற்று. எரிச்சல் உள்ளே அவளோடு நின்றது.

புரட்டாசியில் மரியபுஷ்பத்துக்கு நாள் நிரம்பும் முன்பே வலி கண்டது. ரோடு இல்லை, தூக்கிப்போக வழியில்லை. பெண்பிள்ளை, கைக்குள் அடங்கும் அளவு, அழக்கூடத் தெரியவில்லை. கம்பவுண்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரியிலன்னா கண்ணாடிப் பெட்டிக்குள்ள சூட்டுல வைப்பாங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் சூசை பிள்ளையைத் துணியோடு வாரிக்கொண்டு வந்து சொர்ணத்தாயின் நெஞ்சில் போட்டுவிட்டான். போட்டுவிட்டு, அவள் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் பிள்ளை அவள் மேல்தான். பிள்ளை பால் குடிக்க மட்டும் தாயிடம் போகும், வயிறு நிறைந்ததும் திரும்ப வரும். சொர்ணத்தாய் இப்போது கேட்டு வாங்கித் தின்றாள். "இன்னும் கொஞ்சம் காரமா அரைச்சிருக்கலாம்" என்றாள். பிள்ளையின் நகங்கள் நீலத்திலிருந்து வெளுப்புக்கும் வெளுப்பிலிருந்து ரோஸுக்கும் மாறுவதைப் பார்த்துக்கொண்டே தின்றாள். திருப்பூரில் கட்டிக்கொடுத்த சொந்த மகளைக்கூட அவள் இப்படி மாரில் வைத்துப் பார்த்ததில்லை; அப்போது பேறுகால லீவு முடிந்த மறுநாளே கொழுந்துக்கூடையைத் தூக்க வேண்டியிருந்தது.

ஆனால் உடம்பு ஒரு கணக்கு வைத்திருந்தது. குரல் கம்மிக் கம்மி, கிசுகிசுப்பாகிவிட்டது. காலையில் எழுந்தால் பல்லெல்லாம் கூசியது. கொழுந்து பறிக்கையில் கண் தானாக மூடி, செடிமேல் கவிழ்ந்து விழுந்தாள். எங்கே பார்த்தாலும் அவளுக்குப் படுப்பதுதான் கண்ணில் பட்டது. ஸ்டோர் வாசலில் நாய் ஒன்று நான்கு காலையும் நீட்டிப் பக்கவாட்டில் கிடந்து தூங்குவதைக் கண்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொத்து சுகம் வேண்டாம், நல்ல சேலை வேண்டாம், கட்டையை நீட்டி ஒரு ராத்திரி படுத்தால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஐப்பசி தொடக்கத்தில் கம்பவுண்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார்.

"தொண்டை வெந்துபோய்க் கெடக்கு. உள்ள புண்ணாயிருக்கும். இதோட இனி விளையாட முடியாது. பொழுது சாயும் முன்ன சாப்பாட்டை முடிச்சிரணும். புளி, காரம், சாயா கூடாது. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, கொஞ்சம் நடக்கணும். தலைமாட்டை உசத்திக்கிட்டு எடப்பக்கமாப் படுக்கணும். இந்த மருந்து காலையும் ராத்திரியும். கொஞ்ச நாள்ல அடங்கிரும்."

அடங்கிரும் என்ற சொல் விழுந்ததும் எல்லோர் கண்ணும் கயிற்றில் தொங்கிய ஈரத்துணிகளுக்குப் போனது. ரோஸ் நிற மருந்துப் பாட்டிலைக் கொம்பையா கையில் வாங்கிக்கொண்டார்.

அன்று ராத்திரி அவரே மூடியில் ஊற்றிக் கொடுத்தார். சொர்ணத்தாய் வாயில் விட்டதுமே தெரிந்துகொண்டாள். நிறம் அதே ரோஸ்தான். ஆனால் நாக்கில் பச்சரிசி மாவு, பின்னால் பீட்ரூட். அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவர் கயிற்றில் யாருடைய பாவாடையையோ திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மருந்து இனிப்பா இருக்கு" என்றாள்.

"கம்பெனியை மாத்தியிருப்பான்."

நெஞ்சில் பிள்ளை கிடந்தது. மறுநாளும் மூடி நிறைய மாவுத்தண்ணீரை வாங்கிக் குடித்தாள், அதற்கடுத்த நாளும் குடித்தாள், அந்தப் பாட்டில் தீரும் மட்டும் குடித்தாள். கடைசி மூடியைக் கொம்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். அவள் அதையும் பார்த்தாள்.

பாட்டில் தீர்ந்த மறுநாள், எல்லோரும் வந்து உட்கார்ந்து, சட்டிகளெல்லாம் அவள் முன்னால் வரிசையாக இருக்கும்போது, சொர்ணத்தாய் அந்தக் கிசுகிசுத்த குரலில் சொன்னாள்: "எனக்கு லீவு வேணும்."

யாருக்கும் புரியவில்லை.

"ஒரே ஒரு ராத்திரி. எரியாம, நீட்டிப் படுத்துத் தூங்கணும்."

"அதுக்கென்ன மதினி, தை பொறக்கட்டும், மழை விட்டுரும், ஆசை தீரத் தூங்கலாம்" என்றது ஒரு குரல். "பிள்ளை இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்றது இன்னொன்று. "பெரியவருக்கு இந்த வாரம் மூச்சு ரொம்ப முட்டுது, அடுத்த வாரம் பாக்கலாமே" என்றது மூன்றாவது. எல்லாம் அன்பாகச் சொன்ன குரல்கள்தான்.

"கம்பெனிக்காரனே ஞாயித்துக்கிழமை லீவு குடுத்தானே" என்றாள் சொர்ணத்தாய்.

கொம்பையா தரையைப் பார்த்தார். கடைசியில் சுடலைமுத்துவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த பிரமாச்சிதான் வாயைத் திறந்தாள். "குடுங்கலே. வாயை விட்டுக் கேக்கா இல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. சாவு வரப்போகிற வீடுபோல் லைன் தயாரானது. அந்த ராத்திரி விறகுக்கென்று, பிடுங்கிப் போட்டிருந்த பழைய தேயிலைத் தூர்களை ஆண்கள் திருட்டுத்தனமாக வெட்டிக் கொண்டுவந்தார்கள். கம்பளி, சாக்கு, படுதா என்று இருப்பதையெல்லாம் கொழுந்துக்காரிகள் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காப்பகத்தில் கொண்டுபோய்க் குவித்தார்கள். எல்லோரும் அங்கே ஒன்றாகப் படுப்பது என்று பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே சொர்ணத்தாய் குழையக் காய்ச்சிய கஞ்சியை ஆறவைத்துக் குடித்தாள். கம்பவுண்டர் தன் கையாலேயே நிஜ மருந்தைக் கொண்டுவந்து ஊற்றினார். நாக்கில் சுண்ணாம்பும் கற்பூரவாசமும் பட்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. லைன் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக நடந்தாள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதும், கம்பளியைப் போர்த்திய உருவங்கள் பிள்ளைக்காப்பகம் பக்கம் போவதும் தெரிந்தது. மரியபுஷ்பம் பிள்ளையைச் சூசையின் சட்டைக்குள் செருகி, மேலே தன் சேலையைச் சுற்றி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சொர்ணத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது கூப்பிட்டால் போச்சு என்று அவளுக்குத் தெரியும்.

செங்கல் வைத்த கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்ந்து, காலை நீட்டினாள். முழங்கால் இரண்டும் சடக்கென்றது. நெஞ்சின் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, எண்ணெய் தீர்ந்த திரிபோல் ஒருதரம் தூக்கி, அணைந்தது. கயிற்றுத் துணிகள் இருட்டில் கறுப்பாகத் தொங்கின. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வீட்டுக்குள் குளிர் வந்து, தயங்கித் தயங்கி, அவள் பாதத்தில் கைவைத்தது. தொண்டைக்கு ஒன்றும் ஏறவில்லை. விழுங்க ஒன்றுமில்லை. அவள் விழுங்கிப் பார்த்தாள், வெறும் எச்சில்தான். பின்பக்கம் கட்டில் அசைந்தது. கொம்பையா வந்து அவள் முதுகை ஒட்டிப் படுத்தார். ஏதோ சொல்ல வருவதுபோல் அவர் தொண்டையைச் செருமினார். அவர் சொல்வதற்குள் அவள் தூங்கிவிட்டாள். கனவில்லை, மழைச் சத்தம் இல்லை. கிணற்றில் போட்ட கல்லுக்கு என்ன தெரியும், அவ்வளவுதான் அவளுக்கும் தெரிந்தது.

விழித்தபோது வெயில் போல ஏதோ ஒன்று ஜன்னலில் இருந்தது. அவள் குரல் பாதி திரும்பியிருந்தது.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள், துணியோடும் சட்டியோடும். "உசுரே போச்சு மதினி" என்றார்கள். "பல்லு தந்தியடிச்சதுல நாக்கைக் கடிச்சிக்கிட்டேன்." "இன்னொரு தடவை இப்படி ஒரு ராத்திரின்னா நாங்க தாங்க மாட்டோம்." சொர்ணத்தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இத்தனை மாதமும் தூங்காத கண்ணால் பார்த்த முகங்களை அன்றுதான் தூங்கிய கண்ணால் பார்க்கிறாள். ஒரு முகத்திலும் வாட்டம் இல்லை. அவர்கள் எதிர்பார்த்து நின்றார்கள். துவையலின் மணம் வீடு முழுக்கப் பரவியது.

கடைசியாக மரியபுஷ்பம் பிள்ளையோடு வந்தாள்.

"பாப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்றாள் சொர்ணத்தாய். அந்தக் கேள்வியைக் காலையிலிருந்து அவள் நாக்கு தூக்கிச் சுமந்தது.

மரியபுஷ்பம் கூட்டத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு சொர்ணத்தாயை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"ஒண்ணும் ஆகலைக்கா. அவங்க அப்பா நெஞ்சுல கெடந்து நல்லாத் தூங்கினா. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. எல்லாரும் நெருக்கியடிச்சுப் படுத்தோம், குளிரு தெரியலை. சுடலைமுத்துத் தாத்தா பழைய பாட்டெல்லாம் படிச்சாரு. விடியிற மட்டும் சிரிப்பும் பாட்டுமாத்தான் இருந்துச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. கடைக்குப் போய்வந்த சேதி சொல்வதுபோல் சொன்னாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலில் ஒருத்தி எழுந்து, கயிற்றிலிருந்து தன் பிள்ளையின் பாவாடையை உருவினாள். ஈரம் சொட்டியது, அதைக் கையிலேயே பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பின்னால் இன்னொருத்தி. சட்டிகளைத் துணியில் சுற்றிக் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வெறும் கயிறு மட்டும் தொங்கியது. வாசலில் நின்ற கொம்பையாவை அன்று யாரும் அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை, ஒதுங்கிப் போனார்கள்.

"இங்கேருங்க" என்றாள் சொர்ணத்தாய். "எனக்குக் கஞ்சி வைங்க."

அவர் போய் நமுத்த விறகை ஊதி ஊதி, புகையில் இருமி, கஞ்சி வைத்தார். இரண்டு பேரும் அதைத்தான் குடித்தார்கள்.

கஞ்சியும் நிஜ மருந்துமாக இருந்ததில், கார்த்திகை விளக்கு வைக்கும் முன்பே அவள் நெஞ்சில் மிச்சமிருந்த சூடும் முழுசாக அணைந்துபோனது. லைனில் ஒரு சண்டையும் வரவில்லை, ஒரு வசைச்சொல்லும் விழவில்லை. வருவது நின்றது, அவ்வளவுதான். குழாயடியில் பார்த்தால் சுகமா என்றார்கள், சுகம் என்றாள். மரியபுஷ்பம் மட்டும் வந்தாள், அதுவும் மற்றவர்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்து. பிள்ளைக்காப்பகத்தில் எல்லோரும் கூடிப் படுத்தது அந்த ஒரு ராத்திரியோடு சரி. வெட்கம் புகுந்த இடத்தில் பிறகு கூட்டம் கூடவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு குளிர்ந்தார்கள்.

மார்கழியில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்த ஒரு விடியற்காலையில் சுடலைமுத்துப் பெரியவரின் விசில் நின்றுபோனது. "நுரையீரல் எப்பவோ போச்சு, எங்க வச்சிருந்தாலும் இந்த மாசத்தைத் தாண்டியிருக்காது" என்றார் கம்பவுண்டர். வயசாச்சு, நல்ல சாவு என்றார்கள். ஆனால் எழவு வீட்டில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்த இடத்தில் சொர்ணத்தாய் போய் உட்கார்ந்ததும், அவளைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு இடம் காலியானது. அவள் அழுதாள். மற்றவர்களும் அழுதார்கள். அவளைக் கட்டிக்கொண்டு அழ ஒருத்தியும் வரவில்லை.

ஆண்கள் பெரியவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பிரமாச்சி எழுந்து வந்தாள். அந்தக் காலி இடத்தைத் தாண்டி வந்து சொர்ணத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் தன் வலக்கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, சொர்ணத்தாயின் நெஞ்சுக்கு நடுவில் வைத்தாள். வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள், அடுப்பில் கங்கு இருக்கிறதா என்று சாம்பலுக்குமேல் கை காட்டிப் பார்ப்பதுபோல. வீடே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ராத்திரி தூங்கினியாட்டி?" என்றாள் பிரமாச்சி.

சொர்ணத்தாய்க்குப் பொய் சொல்ல வரவில்லை. "தூங்கினேன் அத்தை."

"நல்லாத் தூங்கு" என்றாள் கிழவி. கையை எடுத்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்து, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்தக் குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. அன்று முதல் சொர்ணத்தாய் அந்த இரண்டு சொல்லையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வாழ்த்தியதா, வயிறெரிந்து சொன்னதா? ஒருநாள் கொம்பையாவிடம் கேட்டாள். "வயசானவ, வாயில வந்ததைச் சொல்லியிருப்பா" என்றார். பிரமாச்சியிடமே கேட்டுவிடலாம் என்று ஒருதரம் அவள் வீட்டு வாசல்வரை போனாள். உள்ளே கிழவி முதுகைக் காட்டிக்கொண்டு ஒற்றையாளுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டாள். அடுத்த ஆனியில் அந்தக் கிழவியும் போனாள், கேட்க ஆளில்லாமல் ஆயிற்று.

பொழுது சாயும் முன் கஞ்சி குடித்து, கொஞ்சம் நடந்து, இடப்பக்கம் திரும்பிப் படுக்கிற ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் குரல் வந்து அவள் காதோரம் நின்றது. வாழ்த்து என்று ஒருநாள் தேற்றிக்கொள்வாள், சாபம் என்று மறுநாள் நடுங்குவாள். தூக்கம் மட்டும் ஒருநாளும் தவறாமல் வந்தது.